தாம்பூலப் பையில் வைக்கும் பணம் யாருக்குப் போகிறது?

நவராத்திரிக்கு வீட்டுக்கு வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கோடு ஏதாவது வைத்துக் கொடுக்கத்தான் போகிறோம். அந்தச் செலவு யாருக்காவது உதவியாக இருக்கட்டும் என்று நினைப்பவர்களுக்குச் சென்னையில் சில வழிகள் இருக்கின்றன. எல்லாம் ஒரே அளவுக்கு உதவுவதில்லை.

என் முதல் தேர்வு, நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் பண்டிகைக் காலங்களில் நடக்கும் சுய உதவிக் குழுக் கண்காட்சி. பனை ஓலைப் பெட்டி, சணல் பை, சுடுமண் விளக்கு எல்லாம் கிடைக்கும். பெட்டியை முடைந்தவரே பெரும்பாலும் எதிரில் உட்கார்ந்திருப்பார். பணம் அவர் கைக்கே போகிறது. தயவுசெய்து அங்கே பேரம் பேசாதீர்கள். ஒரு சிக்கல் உண்டு: ஒரே அளவில் நாற்பது பெட்டி அங்கேயே கிடைப்பது கஷ்டம். போன வருடம் எனக்கு இருபத்தாறுதான் தேறியது. மூன்று வாரம் முன்பே சொல்லி வைத்தால் செய்து தருவார்கள்.

எண்ணிக்கை அதிகம் என்றால் கோ-ஆப்டெக்ஸ். 1935-இல் தொடங்கிய நெசவாளர் கூட்டுறவு அது, தர்மம் அல்ல. ஆனால் துண்டும் போர்வையும் வருடக்கணக்கில் உழைக்கும், தறி ஓடவும் வழி செய்யும். பிறந்த குழந்தைக்குப் பரிசு என்றால் மட்டும் நான் அண்ணா சாலை விக்டோரியா டெக்னிக்கல் இன்ஸ்டிடியூட்டுக்குப் போவேன். அங்குள்ள கை எம்பிராய்டரி சட்டைகளின் நேர்த்தி வேறு எங்கும் நான் பார்க்காதது.

அப்புறம், ‘விலையில் ஒரு பங்கு நன்கொடைக்கு’ என்று அச்சிட்ட கோப்பைகள், மெழுகுவர்த்திகள். இதில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஐந்து சதவீதம் என்றால் 500 ரூபாய்க் கோப்பையில் போய்ச் சேருவது 25 ரூபாய். எத்தனை சதவீதம், எந்த அமைப்புக்கு என்று அட்டையில் தெளிவாக இல்லையென்றால் திரும்ப வைத்துவிடுங்கள். வாங்கிய பொருளுக்கு, நன்கொடைக்குக் கிடைக்கும் 80ஜி வருமான வரிச்சலுகையும் கிடையாது.

அந்த 500 ரூபாயை 1954 முதல் நடந்துவரும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ, அதைத் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி 1930-இல் ஆதரவற்ற பெண்களுக்காக ஏற்படுத்திய அவ்வை இல்லத்துக்கோ நேரடியாக அனுப்பினால் முழுத்தொகையும் போய்ச் சேரும். பழைய வரிமுறையில் இருப்பவர்கள் 80ஜி ரசீதும் கேட்டு வாங்கலாம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடைக்காது. தாம்பூலத்துக்கு அந்த வருடம் மஞ்சள் குங்குமமும் ஒரு தேங்காயும் போதும். யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.