நெஃப்ட், ஐஎம்பிஎஸ், ஆர்டிஜிஎஸ்: பல வருடம் பணம் அனுப்பிப் பார்த்ததில்

வீட்டு வாடகை, கடைக்குச் சரக்கு அனுப்புபவர்களுக்கான பாக்கி, ஊரில் அப்பாவுக்கு மாதச் செலவு எல்லாமே எனக்கு வங்கிக்கு வங்கிதான். யுபிஐயைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள் என்பதால் பழைய மூன்று வழிகளோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அவசரமில்லாத எதற்கும் நான் போவது நெஃப்ட்டுக்குத்தான். 2005-ல் ரிசர்வ் வங்கி தொடங்கியது. நாம் ஓகே கொடுத்தவுடன் பணம் பறந்துவிடாது. அரை மணிக்கொரு பேட்ச், ஒரு நாளைக்கு 48. அந்த அரை மணியில் சேர்ந்ததையெல்லாம் கூட்டிக் கழித்து, எந்த வங்கி நிகரமாக எவ்வளவு தரவேண்டும் என்று பார்த்து, ரிசர்வ் வங்கியில் அவை வைத்திருக்கும் கணக்குகளில் பற்று வரவு எழுதுகிறார்கள். பேட்ச் முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் பெறும் வங்கி வரவு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டும். வரவானதும் அனுப்பியவருக்கும் எஸ்எம்எஸ் வரும். இதனால்தான் இதன் நிதானம் எனக்குப் பிடிக்கிறது.

முன்பெல்லாம் வேலை நாளில் காலை 8 முதல் மாலை 7 வரைதான். வெள்ளி இரவு அனுப்பிவிட்டு, மறுநாள் இரண்டாம் சனி என்று நினைவு வந்தால் திங்கள்வரை காத்திருக்க வேண்டியதுதான். 2019 டிசம்பர் 16 முதல் இரவு பகல் பாராமல் ஓடுகிறது. சேமிப்புக் கணக்கிலிருந்து ஆன்லைனில் அனுப்பக் கட்டணமும் 2020 ஜனவரியோடு போனது. சில ரூபாய் மிச்சமானதைவிட ஞாயிற்றுக்கிழமை கிடைத்ததுதான் பெரிது.

ஐஎம்பிஎஸ் 2010-லேயே வந்துவிட்டது, நடத்துவது என்பிசிஐ என்ற தேசியப் பணப்பரிமாற்ற அமைப்பு. 5 லட்சம் வரை, நொடிகளில் போய்ச் சேரும். ஆனால் அந்த நொடியில் ஓடுவது தகவல்தான். பெறும் வங்கி அதை நம்பி வாடிக்கையாளர் கணக்கில் வரவு வைக்கிறது, வங்கிகள் தங்களுக்குள் பணத்தைத் தீர்த்துக்கொள்வது பிறகு. தகவல் பாதியில் அறுந்தால்தான் தலைவலி. இங்கே பணம் கழிந்திருக்கும், அங்கே வந்திருக்காது. ஒருமுறை எனக்கு அப்படி ஆனபோது கிளையில் கிடைத்த பதில், “சர்வர் பிரச்சினை சார், வெயிட் பண்ணுங்க.” அனுப்பிய மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் நாம் கேட்காமலே தரவேண்டும் என்பது 2019-ல் ரிசர்வ் வங்கி போட்ட விதி. பணம் தாமதமாகத் திரும்பியது. அந்த நூறுகள், எழுதிக் கேட்ட பிறகுதான் வந்தன.

ஆர்டிஜிஎஸ் எனக்கு அபூர்வம். குறைந்தது 2 லட்சம். கூட்டிக் கழிக்கும் வேலை இல்லை, ஒவ்வொரு தொகையும் தனித்தனியாக அப்போதே ரிசர்வ் வங்கிக் கணக்குகளில் தீர்ந்துவிடும். மனை வாங்கும்போது விற்பவருக்கு நிம்மதி தருவது இதுதான்.

மூன்றிலும் எனக்கு உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. பெயரை எவ்வளவு சரியாக எழுதினாலும் பணம் போவது கணக்கு எண்ணைப் பார்த்துத்தான். அதனால் புது ஆளுக்கு முதலில் ஒரு ரூபாய் அனுப்பி, வந்ததா என்று போன் போட்டுக் கேட்பது வழக்கமாகிவிட்டது. நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் இரண்டிலும் அனுப்புமுன் கணக்குதாரர் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தரச் சொல்லி ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. இருபது வருடம் பொறுத்து வந்த வசதி! இருந்தும் அந்த ஒரு ரூபாயை நான் விடவில்லை.

வங்கிக் கிளையைக் காட்டும் குறியீடான ஐஎஃப்எஸ்சியில் ஐந்தாவது எழுத்து எப்போதும் பூஜ்யம். ஆங்கில ‘ஓ’ அடித்துவிட்டுத் திண்டாடுபவர்கள் இன்றும் உண்டு. வங்கிகள் இணைந்தால் பழைய குறியீடு செல்லாமல் போகும். சிண்டிகேட் வங்கி கனராவோடு இணைந்தபின், சேமித்து வைத்திருந்த பெனிஃபிஷியரிகளை, அதாவது பணம் பெறுபவர்களின் விவரங்களைப் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது.

பணம் வரவில்லை என்று யாராவது சொன்னால் ஸ்கிரீன்ஷாட் அனுப்பிப் பயனில்லை. ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தனி அடையாள எண் உண்டு: நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் என்றால் யுடிஆர் நம்பர், ஐஎம்பிஎஸ் என்றால் 12 இலக்க ரெஃபரன்ஸ் நம்பர். அதைக் கொடுத்து அவருடைய வங்கியில் தேடச் சொல்லுங்கள்.