வெளிர் மஞ்சள் பெயிண்டா? டப்பாவை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள்

வீட்டுக்குள் வெளிர் மஞ்சள் அடிக்க யாரிடமாவது வேலையைக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், தயவுசெய்து முதலில் இதைப் படியுங்கள்.

எங்கள் வீட்டு வேலையை எடுத்த கான்ட்ராக்டர் ஒப்புக்கொண்டது: கடையில் மெஷினில் கலந்த உயர்ரக எமல்ஷன் (தண்ணீர் சேர்த்து அடிக்கும் சுவர்ப் பெயிண்ட்), அடிப்பூச்சாக ஒரு பிரைமர், மேலே இரண்டு கோட். எழுதியே கொடுத்தார். சுவரில் ஏறியது வேறு. மலிவான வெள்ளை பெயிண்டை வாங்கி, மஞ்சள் ஸ்டெய்னரை, அதாவது பெயிண்டுக்கு நிறம் ஏற்றும் திரவத்தை, கண்ணளவில் ஊற்றி வாளியில் கலக்கி, தண்ணீரையும் தாராளமாகச் சேர்த்து அடித்திருக்கிறார்கள். நாங்கள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

இந்த நிறத்தில் இப்படி ஏமாற்றுவது சுலபம். வெள்ளையில் துளி மஞ்சள் விழுந்தாலே ஏறக்குறைய அந்த ஷேடு வந்துவிடும். அடர் நீலமோ கரும்பச்சையோ என்றால் வெள்ளையில் ஸ்டெய்னர் ஊற்றிக் கொண்டுவரவே முடியாது.

முதலில் அழகாகத்தான் தெரிந்தது. சாயங்கால வெயில் ஜன்னல் வழியாகப் பக்கவாட்டில் விழுந்தபோதுதான் ஒரே சுவரில் இரண்டு மஞ்சள் தெரிந்தது, நடுவில் கோடு போட்ட மாதிரி. ஒரு வாளி தீர்ந்து அடுத்த வாளி தொடங்கிய இடம் அது. கேட்டதற்கு, "மஞ்சள் அப்படித்தான் சார், வெளிச்சத்துக்குத் தகுந்த மாதிரி மாறும்" என்றார்.

இதில் பாதி உண்மை இருப்பதுதான் ஆபத்து. பளீர் வெள்ளை எல்.இ.டி. விளக்கில் வெளிர் மஞ்சள் லேசாகப் பச்சை தட்டும். மஞ்சள் கலந்த வார்ம் ஒயிட் விளக்கில் இதமாகக் கூடித் தெரியும். நான்கு சுவரிலும் அடித்தால் ஒன்றின் நிறம் மற்றொன்றில் பட்டு, ஷேடு கார்டில் பார்த்ததைவிட அழுத்தமாகவும் இருக்கும். ஆனால் எந்த வெளிச்சமும் ஒரே சுவரின் நடுவே கோடு போடாது. அந்தப் பதிலை நம்பாதீர்கள்.

அப்புறம் ஈரத்துணியால் லேசாகத் துடைத்தேன். துணி மஞ்சளானது. நல்ல எமல்ஷன் நன்றாகக் காய்ந்த பிறகு அப்படிக் கையோடு வராது. காலி டப்பாக்களைக் கேட்டால், "தூக்கிப் போட்டாச்சு" என்றார். பரணில் கிடந்த ஒன்றில் ஷேடு ஸ்டிக்கரே இல்லை. மெஷினில் கலந்த டப்பா என்றால் ஷேடு எண், பேஸ் (நிறம் சேர்ப்பதற்கு முந்தைய பெயிண்டின் வகை) போன்றவை அச்சிட்ட ஸ்டிக்கர் ஒட்டித்தான் வழக்கமாகத் தருவார்கள். அதைச் சொன்ன பிறகு போனையே எடுப்பதில்லை.

ஆகவே பெயிண்டை நீங்களே கடையில் கலக்கி வாங்குங்கள். பில் உங்கள் பெயரில் இருக்கட்டும். சீல் உடைக்கும்போது வீட்டில் ஒருவர் நிற்கட்டும். ஒரே ஷேடு டப்பாக்களைப் பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்துவிட்டு ஆரம்பிக்கச் சொன்னால் சுவருக்குச் சுவர் வித்தியாசம் வராது. தண்ணீர் எவ்வளவு என்று டப்பாவிலேயே போட்டிருக்கும், அதற்கு மேல் விடாதீர்கள். ஸ்டிக்கரைப் படம் எடுத்து வையுங்கள், பின்னால் டச்-அப் செய்ய அந்த எண்தான் உதவும். கடைசித் தவணையைச் சுவரைப் பகல் வெளிச்சத்திலும் இரவு விளக்கிலும் பார்த்த பிறகே கொடுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒன்று. "மேலே இன்னொரு கோட் அடித்துத் தருகிறேன்" என்றால் சம்மதிக்காதீர்கள். தூளாக உதிரும் பூச்சின் மேல் அடித்தால் புதுப் பெயிண்டும் சேர்ந்தே உரியும். பழையதைச் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, தூசியைத் துடைத்து, பிரைமர் போட்ட பிறகுதான் மறுபடி அடிக்க வேண்டும். எங்கள் ஹாலில் இப்போது சுரண்டும் வேலைதான் நடக்கிறது, வேறு ஆளை வைத்து.