உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’: படித்து முடித்தவர் மறுபடி மாணவரான கதை

1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்து, ஆசிரியரின் மறைவுக்குப் பின் 1950-இல் நூலான ‘என் சரித்திரம்’, உ.வே. சாமிநாதையர் ஏடு தேடி அலைந்த கதைக்காகவே பெரிதும் பேசப்படுகிறது. எனக்கோ, ஏடு தேடும் படலத்துக்கு முந்தைய பகுதிகளே நூலின் உயிர்நாடி என்று படுகிறது.

மகனுக்குத் தமிழ் சொல்லித்தர ஆள் கிடைக்கும் ஊராகப் பார்த்து, அரியலூர், குன்னம் என்று தந்தை குடும்பத்தோடு இடம் மாறுகிறார். 1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்த பின்னரும் வாழ்க்கை எளிதாகிவிடவில்லை. தங்குதடையின்றிப் பாடல்களைச் சொல்லிக்கொண்டே போகும் அதே ஆசிரியர், கடன் தொல்லையில் அல்லாடுவதையும் நூல் மறைக்காமல் காட்டுகிறது.

நூலின் சிகரம் 1880-இல் வருகிறது. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்திருந்த இருபத்தைந்து வயது இளைஞர், முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரிடம் தாம் கற்ற அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள் எனப் பெருமையோடு அடுக்க, அவரோ அசையாமல், இவற்றைப் படித்ததால் என்ன பயன் என்கிறார்; பிறகு, சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்கிறார். அந்த ஏமாற்றத்தை மழுப்பாமல் எழுதியிருப்பதுதான் இந்நூலின் நேர்மை.

அதன்பின் நடப்பது இன்னும் சுவையானது. காப்பியம் புரியவில்லை, அதற்குப் பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியர் எழுதிய உரையில் வரும் மேற்கோள்கள் எந்த நூலைச் சேர்ந்தவை என்பதும் தெரியவில்லை. சைவ மடத்தில் பயின்றவர், கும்பகோணத்துச் சமணர்களைத் தேடிப் போகிறார். அவர்கள் வீட்டு வாசலில் கோலமும் தோரணமும் கண்டு விசேஷம் என்னவென்று விசாரிக்க, சிந்தாமணி படித்து முடித்ததைக் கொண்டாடுவதாகப் பதில் வருகிறது. தமிழாசிரியருக்குப் பிடிபடாத நூல், அங்கே வீட்டுப் பாராயணமாக இருந்திருக்கிறது! அவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெளிந்தே 1887-இல் அதைப் பதிப்பித்தார்.

குறைகள் உண்டு. வாரத் தொடருக்காக எழுதப்பட்டதால் 122 அத்தியாயங்களில் கூறியது கூறல் மலிந்திருக்கிறது. உதவிய பிரபுக்கள், மடத்துப் பெரியோர் ஆகியோரின் பெயர்வரிசை, பொறுமையுள்ள வாசகரையும் சோதிக்கும். 1942-இல் ஆசிரியர் காலமானதால் கதை பாதியில் நின்றுவிடுகிறது. முழுவதையும் படிக்க அவகாசமில்லாதவர்கள் மாயூரத்தில் தொடங்கி, சிந்தாமணி அச்சேறும் வரையிலான பகுதியை மட்டுமாவது படிக்கலாம். வாங்கும்போது, பெயர் அகராதி உள்ள பதிப்பாகப் பார்த்து வாங்குவது நல்லது.