480 பவுண்டு போச்சு: இங்கிலாந்துக் கிராமத்துச் சர்ச் பதிவேட்டில் முன்னோரைத் தேடித் தருகிறேன் என்று சொல்பவர்களிடம் கவனம்

முன்னோரைத் தேட நான் ஆள் பிடித்த இணையத் தளத்திலிருந்து நேற்று ராத்திரி கடைசிப் பதில் வந்தது: "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது." ஒரே வரி. 480 பவுண்டு. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த என் மாதிரி யாராவது வீட்டுப் பெரியவர்களுக்குப் பரிசாக இதைச் செய்ய நினைக்கலாம், அவர்களாவது தப்பிக்கட்டும்.

நாங்கள் இருப்பது லெஸ்டரில். என் மாமியார் நார்ஃபோக் மாவட்டத்துக் கிராமத்துக்காரர். ஊர்ப் பெயர் வேண்டாம், நாலு தெருவும் ஒரு சர்ச்சும்தான், சொன்னால் குடும்பம் தெரிந்துவிடும். பரம்பரையாக வயல் கூலிகள். "நமக்கெல்லாம் ஏதம்மா வரலாறு" என்று அத்தை அடிக்கடி சொல்வார். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் அவருடைய 80ஆவது பிறந்த நாளுக்கு முன்னோர் பட்டியல் எடுத்துத் தர வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை நானே போய்விட்டேன், அதில் பிறந்த ஊரும் இருக்கும் என்பதால் பிடித்துக்கொள்ள முடிந்தது. அதற்கு முன்னால் சர்ச் பதிவேடுகளின் பழைய கையெழுத்து என் கண்ணுக்குப் பிடிபடவில்லை. அப்போதுதான் தனியாட்களை வேலைக்குப் பிடித்துத் தரும் ஒரு இணையத் தளத்தில், பதிவேட்டில் தேடித் தருகிறேன் என்ற இந்த ஆளைப் பார்த்தேன்.

முதலில் 120 பவுண்டு. இரண்டே நாளில் ஒரு படம் அனுப்பினார். 1791இல் நடந்த கல்யாணப் பதிவு. மாப்பிள்ளை பெயர் ஜான், குடும்பப் பெயர் அத்தையுடையது. பெண்ணுக்கு எழுதத் தெரியாது, பெயருக்கு நடுவில் பெருக்கல் குறி மாதிரி ஒரு கீறல், அதற்குக் கீழே பட்டாணி அளவுக்கு ஒரு மைக்கறை. அத்தையிடம் காட்டினேன். போனில் பெரிதாக்கி அந்தக் கீறலை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு அழுதுவிட்டார். அந்த நிமிஷம்தான் நான் அந்த ஆளை முழுசாக நம்பினேன். "சர்ச் பெட்டகத்திலிருந்து பதிவேட்டை வெளியே எடுத்து நானே படம் பிடித்தேன், பாதிரியார் எனக்குப் பழக்கம்" என்றார். மிச்ச வேலைக்கு 360 பவுண்டு, தளத்துக்கு வெளியே வங்கியில் நேராகப் போட்டால் கமிஷன் மிச்சம், அதற்குப் பதில் சட்டம் போட்ட வம்சப் படமும் தருகிறேன் என்றார். போட்டேன். மொத்தம் 480.

படம் வந்தது. ஜானின் அப்பா கொல்லர் என்று போட்டிருந்தது. அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை, வாசல் நடையில் மாட்டிவிட்டார்.

மூன்று வாரம் முன்பு அத்தையை அந்த ஊருக்கே கூட்டிப்போனோம். சர்ச்சைப் பார்த்துக்கொள்ளும் வார்டன் வயதானவர், தங்கமான மனிதர், மூன்று பூட்டுப் போட்ட பழைய ஓக் பெட்டியைத் திறந்து காட்டினார். பாதிரியாரிடம் ஒரு சாவி, இரண்டு வார்டன்களிடம் ஆளுக்கொன்று, மூவரும் சேர்ந்தால்தான் அந்தக் காலத்தில் திறக்குமாம். உள்ளே பழைய பாட்டுப் புத்தகமும் மேஜை விரிப்பும்தான். "பதிவேடெல்லாம் நாரிச் ஆவணக் காப்பகத்துக்குப் போய் எத்தனையோ வருஷம் ஆகிறதே" என்றார். அத்தை ஆசையாகப் பெட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அன்று ராத்திரி உட்கார்ந்து தேடினேன். அந்த 1791 பக்கம், அதே மைக்கறையோடு, ஃபேமிலிசெர்ச் என்ற முன்னோர் தேடும் இணையத் தளத்தில் இலவசமாகக் கிடக்கிறது! அப்புறம் ஜானின் 1766 ஞானஸ்நானப் பதிவு என்று அவர் கொடுத்த படத்தை எடுத்துப் பார்த்தேன். அச்சடித்த கட்டங்கள், இருப்பிடம், தகப்பன் தொழில் எல்லாம் தனித்தனியாக. அந்தப் படிவமே சர்ச் பதிவேடுகளுக்கான 1812 சட்டத்துக்குப் பிறகு 1813இல்தான் வந்தது. அதற்கு முன்னால் "ஜான், ஜான் மேரி தம்பதியின் மகன்" என்று ஒரு வரி இருந்தாலே பெரிது. யாரோ ஒருவருடைய பிற்காலப் பக்கத்தை எடுத்துத் தேதியை மாற்றியிருக்கிறார். நிஜப் பதிவேட்டில் 1766இல் ஒரு ஜான் இருக்கத்தான் செய்கிறான். அடுத்த வருஷமே குழந்தையாகவே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறான். செத்த குழந்தைக்குக் கல்யாணம் செய்துவைத்து எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்.

கேட்டால், முதலில் "பார்க்கிறேன்". பிறகு "காப்பகத்தில் கேட்டிருக்கிறேன், தாமதமாகும்". பிறகு பதிலே இல்லை. தளத்துக்காரர்கள், 120 பவுண்டு வேலையை நீங்கள் ஏற்றுக்கொண்டதாக அழுத்திவிட்டீர்கள், 360 எங்கள் வழியாக வரவில்லை என்றார்கள். ஒவ்வொரு தடவையும் வேறு ஆள், அதே பதில். நான் அனுப்பிய இரண்டு படங்களையும் ஒருவர்கூடத் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை. வங்கியோ, ஏதோ ஒரு வேலை செய்து கொடுத்திருக்கிறார், அதனால் இது மோசடி இல்லை, தகராறு என்றது. 480 பவுண்டு, இரண்டு மாதம் சேர்த்தது.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. அவசரமாகச் சொல்கிறேன். தளத்துக்கு வெளியே பணம் போடாதீர்கள். எந்தப் பதிவேடு, காப்பக எண் என்ன என்று முதலிலேயே கேளுங்கள், சொல்லத் தயங்கினால் அங்கேயே நிறுத்துங்கள். ஃப்ரீரெக் என்று தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து வைத்த இலவசத் தேடல் இருக்கிறது, காசு கொடுக்கும் முன் அங்கே பாருங்கள். ஒரு குழந்தையின் ஞானஸ்நானம் கிடைத்தால் அடுத்த சில வருஷத்து அடக்கப் பதிவையும் பாருங்கள், ஒரே பெயரை ஊரே வைத்திருக்கும். 1752க்கு முன்னால் வருஷம் மார்ச் 25இல்தான் பிறக்கும், ஜனவரி பிப்ரவரித் தேதிகளில் குழம்பாதீர்கள்.

அடுத்த மாதம் நாரிச்சுக்கு நானே போகிறேன். நடையில் தொங்கும் அந்தப் படத்தைக் கழற்றச் சொல்லி அத்தையிடம் இன்னும் வாய் திறக்கவில்லை.