கையைத் தூக்கித் தலைக்குப் பின்னால் வையுங்கள் என்றார்கள்

பாலக்காட்டில் தோளுக்கு எம்ஆர்ஐ ஆர்த்ரோகிராம் (மூட்டுக்குள் மருந்து ஏற்றி எடுக்கிற ஸ்கேன்) எடுத்த ஸ்கேன் சென்டரைப் பற்றி எழுதுகிறேன். குறையும் சொல்லப் போவதால் பெயர் வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறை–பாலக்காடு பஸ்ஸில் கண்டக்டர் வேலை எனக்கு. மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு டிக்கெட் கொடுக்கும்போது டிரைவர் பிரேக்கை மிதித்தால் வலது தோள் கழன்றுவிடும். ஒன்றரை வருஷத்தில் மூன்று தடவை. கடைசித் தடவை எலப்புள்ளி தாண்டி, நான் கத்தி முடிப்பதற்குள் தானாகவே உள்ளே போய்விட்டது.

முன்பு வேறோர் இடத்தில் 6,000 ரூபாய்க்கு எடுத்த சாதா எம்ஆர்ஐயில் கிழிசல் எதுவும் பிடிபடவில்லை. கை எலும்பின் பந்து மாதிரியான தலை உட்காருகிற தோள் கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி லேப்ரம் என்று ஒரு வளையம் இருக்கிறதாம். கிழிந்திருந்தாலும் எலும்போடு ஒட்டிக் கிடந்தால் தெரியாது. மூட்டுக்குள் மருந்துத் தண்ணீரை விட்டு உப்ப வைத்தால் அது கிழிசலுக்குள் நுழைந்து படத்தில் வெள்ளையாகத் தெரியும். பஞ்சர் கடைக்காரர் டியூபில் காற்றடித்துப் பார்க்கிற வித்தைதான்.

ஊசிக்குத்தான் பயந்துகொண்டு போனேன். வீண் பயம். மரத்துப்போக வைத்து, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே டாக்டர் 12 மில்லி ஏற்றினார். கடோலினியம் என்ற மருந்தாம், நிறைய நீர்த்துத்தான் விடுகிறார்கள். வலி இல்லை, தோளுக்குள் ஈரச்சாக்கைத் திணித்த மாதிரி ஒரு கனம். நேரமானால் தண்ணீரை உடம்பு உறிஞ்சிவிடும் என்பதால் மெஷினைத் தயாராக வைத்திருந்தார்கள். அதற்கு முழு மார்க்.

ஆனால் உடுத்தக் கொடுத்த கவுன் தலை வழியாக மாட்டுவது! தோள் நோயாளிக்கு இதைக் கொடுக்கலாம் என்று எந்தப் புண்ணியவான் முடிவு செய்தாரோ. பாதியில் மாட்டிக்கொண்டு நின்றேன்.

கையைப் பக்கத்தில் வைத்துப் படுத்து எடுத்தது சுலபமாக முடிந்தது. அப்புறம்தான் வந்தது வினை. வலது கையை மடக்கித் தலைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அசையாமல் படுக்க வேண்டுமாம். என் தோள் கழல்வதே அந்த நிலையில்தானே! கவுன்டரில் பேஸ்மேக்கர் உண்டா, உடம்பில் கம்பி உண்டா, கிட்னி எப்படி என்றெல்லாம் கேட்டவர்கள் இதை மட்டும் சொல்லவில்லை. முடியாது என்றேன். டெக்னீஷியன் பெண் சண்டைக்கு வரவில்லை. போர்வையை மடித்து முழங்கைக்கு அடியில் கொடுத்து, "பதுக்கெ மதி, சேட்டா" (மெதுவாகப் போதும், அண்ணா) என்று விரற்கடை விரற்கடையாக நகர்த்தினார். வியர்த்துக் கொட்டியது, ஆனால் கழலவில்லை.

மறுநாள் சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. விளக்கிச் சொல்ல அங்கே ஆள் கிடையாது. என் எலும்பு டாக்டர்தான் படங்களைத் திரையில் போட்டுக் காட்டினார். கை பக்கத்தில் இருக்கும் படங்களில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தலைக்குப் பின்னால் வைத்த படத்தில் கிண்ணத்தின் முன்பக்கக் கீழ்விளிம்பில் லேப்ரம் விலகி, இடையே வெள்ளைக் கோடு. பேங்கார்ட் கிழிசலாம், 1923-இல் இதைப் பற்றி எழுதிய லண்டன் டாக்டரின் பெயர். பந்தின் பின்பக்கத்தில் ஒரு குழியும் இருந்தது. கழலும்போது கிண்ணத்தின் விளிம்பில் இடித்து விழுகிற பள்ளம் அது, ஹில்-சாக்ஸ் என்கிறார்கள்.

மொத்தம் 9,500 ரூபாய் ஆனது. கிண்ணத்து எலும்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளக்க 3டி சிடி ஸ்கேன் வேண்டுமாம். அதையும் அங்கேதான் எடுக்கப் போகிறேன், புதன்கிழமை. முன்பக்கம் பட்டன் வைத்த சட்டையோடு போவேன், கவுன் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.