வீட்டு இன்டர்நெட் பில்லும் டிவி பில்லும்: திருகோணமலையில் இருந்து எந்த வழியில் கட்டுவது நல்லது?

கம்பனியின் சொந்தச் செயலி, வங்கிச் செயலி, ஈஸி கேஷ், எம்கேஷ் என்ற மொபைல் போன் காசுக் கணக்குகள், ஜீனி, பிரிமி என்ற கட்டணச் செயலிகள், தபால் கந்தோர், புட் சிட்டி சுப்பர் மார்க்கட் கவுண்டர், சந்தியில் இருக்கும் ரீலோட் கடை. இவ்வளவு வழி இருக்கும்போது எது வேகம், எது லேசு என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நல்ல நாளில் எல்லாமே வேகம்தான், எல்லாமே லேசுதான். காசு நம் கணக்கில் இருந்து போய், பில்லில் விழாமல் நடுவழியில் நின்றுவிட்டால் யாரைப் பிடிப்பது? வித்தியாசம் தெரிவது அங்கேதான். இந்த ஒப்பீட்டை அந்தக் கேள்வியை வைத்தே செய்கிறேன்.

முதலில் உங்கள் வீட்டில் என்ன இணைப்பு இருக்கிறது என்று பாருங்கள். எஸ்.எல்.டி. மொபிடெல் பைபர் எடுத்து, அதிலேயே பியோ டிவியும் வைத்திருந்தால் தொலைபேசி, இன்டர்நெட், டிவி மூன்றும் ஒரே பில்லில் வரும். மாதம் முடிந்தபின் கட்டும் போஸ்ட்பெய்ட் அது. கூரையில் டயலொக் டிவி டிஷ் பூட்டியிருப்பவர்களில் பலர் ப்ரீபெய்ட். காசு போட்டால் படம் வரும், தீர்ந்தால் நிற்கும். 4ஜி ரவுட்டர் வைத்திருப்பவர்களில் இரண்டு வகையும் உண்டு. ஒன்றுக்குப் பொருந்தும் வழி மற்றதற்குப் பொருந்தாது. பக்கத்து வீட்டில் செய்வதைப் பார்த்து நாமும் அப்படியே செய்யப்போய்க் குழம்புவது இதனால்தான்.

கம்பனிச் செயலியில் இருந்து தொடங்கலாம். மை எஸ்.எல்.டி., மை டயலொக் இரண்டிலும் இருக்கும் பெரிய வசதி, பில்லைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கட்டலாம் என்பது. இந்த மாதம் எவ்வளவு, போன மாத நிலுவை எவ்வளவு, டேட்டா எவ்வளவு மிச்சம், எல்லாம் ஒரே இடத்தில் தெரியும். இன்டர்நெட் ஆமை வேகத்தில் போனால் பில் கட்டாததால்தான் என்று நினைத்து அவசரமாகக் காசு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். டேட்டா முடிந்து வேகம் குறைந்திருக்கலாம். அதைக் காட்டிக்கொடுப்பது இந்தச் செயலிதான். வங்கிச் செயலிக்கு அது தெரியாது.

தொகை விஷயத்திலும் இது உதவும். வரி சேர்க்காமல் விளம்பரத்தில் போடும் விலையை மனதில் வைத்துக்கொண்டு மாதா மாதம் அதையே கட்டிவருகிறவர்களை எனக்குத் தெரியும். 2024 ஜனவரியில் இருந்து வற் வரி மட்டுமே 18 சதவீதம். 2,000 ரூபா பெக்கேஜுக்கு அந்த ஒரு வரியே 360 ரூபா. அதை விட்டுவிட்டுக் கட்டினால் ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாக நிலுவை ஏறி, ஒருநாள் லைன் போகும். "மாதம் தவறாமல் கட்டுகிறேனே, ஏன் வெட்டினார்கள்?" என்று கேட்டால் அவர்கள் தரப்பில் பதில் இருக்கிறது. ஆகவே எந்த வழியில் கட்டினாலும் தொகையைப் பில்லைப் பார்த்து அடியுங்கள், நினைவை நம்பி அடிக்க வேண்டாம்.

கம்பனிச் செயலியின் பலவீனம் கார்ட். கார்ட் இலக்கத்தை அடித்து, வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எஸ்.எம்.எஸ். வரும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடுதான் என்றால் அந்த எஸ்.எம்.எஸ். வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். சில சமயம் ஓ.டி.பி.யை அடித்த பிறகும் பக்கம் அப்படியே உறைந்து நிற்கும். காசு போனதா இல்லையா என்று தெரியாது. இந்த இடத்தில் உங்களுக்கும் பில்லுக்கும் நடுவில் மூன்று பேர் நிற்கிறார்கள்: கார்ட் தந்த வங்கி, கார்ட் காசை இடையில் வாங்கிக் கைமாற்றும் கட்டண வாசல் (பேமென்ட் கேட்வே), கம்பனி.

உப்புவெளியில் எங்கள் உறவுக்கார அக்கா ஒருவருக்கு இப்படித்தான் நடந்தது. கணக்கில் காசு கழிந்துவிட்டது, பில்லில் ஏறவில்லை. கம்பனியைக் கேட்டால் "எங்களுக்கு வந்து சேரவில்லை, வங்கியைக் கேளுங்கள்." வங்கியைக் கேட்டால் "இங்கிருந்து போய்விட்டது, கம்பனியைக் கேளுங்கள்." இதற்கிடையில் பிள்ளைக்குப் பரீட்சை நெருங்கிவிட, "போனது போகட்டும்" என்று இரண்டாம் தடவையும் கட்டி லைனை எடுத்தார். பிறகு முதல் காசும் வந்து சேர்ந்தது. கூடுதலாகப் போன காசு அடுத்த மாத பில்லில் கழிந்ததால் நட்டம் இல்லை. ஆனால் மாதக் கடைசியில் அந்தக் காசு கையில் இல்லாத கஷ்டத்தை யார் கணக்கில் எழுதுவது? பக்கம் உறைந்து நின்றால் உடனே மறுபடி அழுத்தாதீர்கள். வங்கிக் கணக்கைப் பாருங்கள், பிறகு செயலியில் நிலுவையைப் பாருங்கள், அதற்குப் பிறகு முடிவெடுங்கள்.

என் தெரிவு வங்கிச் செயலி. போஸ்ட்பெய்ட் பில் என்றால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். மக்கள் வங்கி, இலங்கை வங்கி, கொமர்ஷல், சம்பத், ஹற்றன் நஷனல் என்று ஊரில் கிளை வைத்திருக்கும் வங்கிகள் எல்லாம் செயலியிலோ இணையத்திலோ பில் கட்டும் பகுதி வைத்திருக்கின்றன. கார்ட் தேவையில்லை. காசு நேரே சேமிப்புக் கணக்கில் இருந்து போகும், ஒரு குறிப்பு இலக்கம் வரும், கணக்கறிக்கையிலும் பதிவு நிற்கும். நடுவில் இருப்பது வங்கியும் கம்பனியும் மட்டும். சிக்கல் வந்தால் கிளைக்கே நடந்து போய், அந்த இலக்கத்தைக் காட்டி, தமிழில் கதைக்கலாம். கொழும்பில் இருக்கும் ஒரு ஹொட்லைனில் பாட்டுக் கேட்டுக்கொண்டு காத்திருப்பதைவிட மணிக்கூட்டுக் கோபுரத்தடி வரை போய்வருவது எவ்வளவோ மேல்.

ஆனால் இதிலும் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, பட்டியலில் சரியான பெயரைத் தேர்ந்தெடுப்பது. ஒரே கம்பனிக்கு வீட்டுத் தொலைபேசி, இன்டர்நெட், மொபைல், டிவி என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். 026 என்று தொடங்கும் உங்கள் தொலைபேசி இலக்கம் வேறு, பில்லில் இருக்கும் கணக்கு இலக்கம் வேறு. எதைக் கேட்கிறது என்று நிதானமாகப் பார்த்து, முதல் தடவை சரியாகக் கட்டியதும் அதைச் சேமித்து வையுங்கள். பிறகு ஒவ்வொரு மாதமும் இலக்கம் அடிக்கத் தேவையில்லை, பிழை வரவும் வழியில்லை.

மற்றது முக்கியமானது. 'பில் கட்டுதல்' பகுதியை விட்டுவிட்டு, கம்பனியின் வங்கிக் கணக்குக்குச் சாதாரணமாகக் காசு மாற்றிவிடாதீர்கள். வங்கிகளை ஒன்றோடொன்று இணைக்கும் லங்காபே வலையமைப்பின் சி.ஈ.எப்.டி.எஸ். என்ற உடனடி மாற்று முறை 2015இல் வந்ததில் இருந்து ஒரு வங்கியில் இருந்து இன்னொரு வங்கிக்குக் காசு உடனே போய்விடுகிறது. ஆகவே எல்லாம் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் பில் கட்டும் பகுதியில் காசோடு உங்கள் கணக்கு இலக்கமும் சேர்ந்து போகிறது. வெறும் மாற்றலில் காசு மட்டும் போய் ஒரு பெரிய கணக்கில் விழும். அது யாருடைய காசு என்று அவர்கள் தேடிக் கண்டுபிடிக்கும்வரை உங்கள் பில் கட்டாத பில்தான்.

மொபைல் கணக்குகளைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். டயலொக்கின் ஈஸி கேஷ் 2012இல் வந்தபோது அதற்கு வங்கிக் கணக்கும் வேண்டாம், ஸ்மார்ட்போனும் வேண்டாம் என்பதுதான் பெரிய விஷயம். இன்றைக்கும் பட்டன் போனில் #111# அடித்து வேலையை முடிக்கலாம். மூதூரிலோ வெருகலிலோ இருக்கும் ஒரு அம்மாவுக்கு வங்கிச் செயலியைவிட இதுதான் கைக்கு எட்டும். கடையில் காசைக் கொடுத்துக் கணக்கில் ஏற்றி, அதில் இருந்து கட்டலாம். மொபிடெல்காரருக்கு எம்கேஷ் இருக்கிறது.

சறுக்கும் இடம் கடை மேசை. ரீலோட் காசு வேறு, ஈஸி கேஷ் காசு வேறு. சனம் நிற்கும் நேரத்தில் போய் "தம்பி, இந்த நம்பருக்கு ஆயிரம் போடுங்கோ" என்று சொன்னால் அவர் ரீலோட்தான் போடுவார்.

"ரீலோட்டோ, ஈஸி கேஷோ அம்மா?"

இந்தக் கேள்வியைக் கேட்கும் கடைக்காரர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள். கேட்காதவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். ரீலோட்டாக விழுந்துவிட்டால் அது கோல் எடுக்கவும் டேட்டா போடவும்தான், அதைத் திருப்பி எடுத்து வீட்டு பில்லுக்குக் கட்டப் படாத பாடு பட வேண்டும்.

ஜீனி, பிரிமி போன்ற செயலிகள் வங்கிக்கும் மொபைல் கணக்குக்கும் இடைப்பட்டவை. லங்காபேயின் ஜஸ்ட்பே என்ற இணைப்பு வசதி வழியாக உங்கள் வங்கிக் கணக்கையே அவற்றில் இணைத்துக்கொள்ளலாம். பார்க்க அழகாக இருக்கின்றன, அவ்வப்போது காசு மீளும் சலுகையும் தருகிறார்கள். ஆனால் என் கேள்விக்கு இவை தோற்கின்றன. வங்கி, செயலி, கம்பனி என்று மீண்டும் மூன்று பேர். சலுகை கிடைக்கும் மாதத்தில் பாவியுங்கள். வழக்கமான வழியாக வைக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

கவுண்டரில் போய்க் கட்டுவதைப் பழைய காலத்து வேலை என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். தபால் கந்தோரிலோ புட் சிட்டியிலோ கட்டினால் கையில் ரசீது வரும், கேள்வி கேட்க முன்னால் ஒரு ஆள் இருப்பார். ஓ.டி.பி.யும் இல்லை, பாஸ்வேர்டும் இல்லை. கண் மங்கிய அப்பாவுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. வரிசையும், விடுமுறை நாளும்தான் குறை. ரசீதை வாங்கியதும் கவுண்டரை விட்டு நகராமல் கணக்கு இலக்கத்தை ஒருதரம் சரிபாருங்கள். ஒரு இலக்கம் மாறினால் உங்கள் காசில் வேறு யாரோ படம் பார்ப்பார். அந்த ரசீது சூட்டில் அச்சாகும் தாள். நம் ஊர் வெயிலில் சட்டைப் பையிலோ மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியிலோ கிடந்தால் கொஞ்ச நாளில் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும். வீட்டுக்கு வந்ததும் போனில் ஒரு படம் எடுத்து வைத்துவிடுங்கள்.

ப்ரீபெய்ட் டிஷ் டிவிக்கு மேலே சொன்ன தரவரிசை செல்லாது. அங்கே தொகை சின்னது, அவசரம் பெரிது. மெட்ச் தொடங்கப்போகிறது, படம் இல்லை என்றால் சந்திக் கடைதான் சரி, இல்லாவிட்டால் கம்பனிச் செயலி. இணைப்பு இலக்கத்தை டெகோடரின் பக்கத்தில் எழுதி ஒட்டிவிட்டால் வீட்டில் யாரும் கட்டலாம். காசு போடும்போது டெகோடர் போட்டபடி இருக்கட்டும். அணைத்து வைத்திருந்தால் திறந்துவிடும் சமிக்ஞை அதற்கு வந்து சேராது, காசு போட்டும் படம் வராது. மாரி காலத்தில் இன்னொன்றும் நடக்கும். ஒக்டோபரில் இருந்து ஜனவரி வரை வாடையோடு மழை கொட்டும்போது டிஷ்ஷுக்கு சிக்னல் குறைந்து படம் போகும். அதைக் காசு தீர்ந்ததாக நினைத்து மழைக்குள் குடையோடு கடைக்கு ஓடுகிறவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கலாம். திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள். சிக்னல் இல்லை என்றால் மழை விடும்வரை பொறுங்கள்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்தபோது மின்சாரமும் சிக்னலும் போன இடங்களில் எந்தச் செயலியும் உதவவில்லை. கடைசித் திகதிவரை வைத்திருந்து கட்டும் பழக்கம் உள்ளவர்கள் நவம்பர், டிசம்பர் மாதங்களில் மட்டுமாவது பில் வந்த வாரமே கட்டிவிடுவது நல்லது.

வெளிநாட்டில் இருந்து கட்டுவது பற்றியும் சொல்ல வேண்டும். திருகோணமலையில் எத்தனையோ வீடுகளில் பில் வருவது இங்கே, கட்டுவது டொரொண்டோவிலோ லண்டனிலோ இருக்கும் பிள்ளை. அவர்களுக்குப் பெரும்பாலும் கம்பனியின் இணையத்தளமும் கார்டும்தான் வழி. மொபைல் கணக்குகளுக்கு இலங்கை சிம்மும் அடையாள அட்டையும் வேண்டும். அந்த நாட்டு வங்கி நாணய மாற்றுக்கு என்று மேலதிகமாகக் கழிக்கவும் கூடும். மாதா மாதம் சின்னத் தொகையாகக் கட்டுவதைவிட, இலங்கையில் அவர்களுக்கு ஒரு வங்கிக் கணக்கு இருந்தால் அந்தக் கணக்கின் செயலியில் இருந்து கட்டுவது லாபம். அதற்கு ஓ.டி.பி. எந்த நம்பருக்கு வரும் என்பதை ஊரில் நிற்கும்போதே பார்த்து ஒழுங்கு செய்துகொண்டு போக வேண்டும். அங்கே போய் இறங்கிய பிறகு செய்வது பெரிய அலைச்சல்.

எந்த வழியை எடுத்தாலும், "உங்கள் இணைப்பு இன்று துண்டிக்கப்படும், இங்கே அழுத்திக் கட்டுங்கள்" என்று வாட்ஸ்அப்பிலோ எஸ்.எம்.எஸ்.ஸிலோ வரும் லிங்கைத் தொடாதீர்கள். சந்தேகம் இருந்தால் எஸ்.எல்.டி. மொபிடெலுக்கு 1212, டயலொக்குக்கு 1777 அழுத்திக் கேளுங்கள், தமிழில் கதைக்கலாம். ஓ.டி.பி. கேட்டு யார் போன் எடுத்தாலும், எவ்வளவு மரியாதையாகக் கதைத்தாலும், வைத்துவிடுங்கள்.

தானாகவே மாதம்தோறும் கழியும்படி கார்டையோ வங்கிக் கட்டளையையோ கொடுப்பது மறதிக்காரருக்கு வரப்பிரசாதம். ஆனால் சம்பளம் விழும் திகதிக்கு முன்னால் பில் கழிக்கப் பார்த்தால் கணக்கில் காசு இருக்காது, அந்த மாதம் கட்டுப்படாது. அது உங்களுக்குத் தெரியாமலே போகவும் கூடும். கார்ட் காலாவதியாகிப் புதுக் கார்ட் வந்தால் அதையும் மாற்ற வேண்டும். வீடு மாறி இணைப்பை நிறுத்துகிறவர்கள் கம்பனியில் நிறுத்தச் சொல்வதோடு விடாமல், வங்கியில் கொடுத்த கட்டளையையும் அன்றைக்கே எழுத்தில் ரத்துச் செய்து பிரதி ஒன்றைக் கையில் வாங்கி வையுங்கள்.