12 வோல்ட்டிலிருந்து எதிர் மின்னழுத்தம்: 7660, எல்டி1054, 555 ஓர் ஒப்பீடு

மலேசியாவின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டக் கோயில்களின் பஜனைக் குழுக்களுக்கு நாம் கட்டித் தரும் மைக் முன்பெருக்கி, கடையில் கிடைக்கும் 12 வோல்ட் அடாப்டரிலும் ஓட வேண்டும். ஊர்வலத்தின்போது கார் பேட்டரியிலும் ஓட வேண்டும். அதிலுள்ள ஆப் ஆம்ப்புக்கு (சைகையைப் பெருக்கும் சிப்) எதிர் மின்னழுத்தமும் கிடைத்துவிட்டால், ஒலிச் சைகை பூஜ்ஜியத்தை நடுவாக வைத்து இருபுறமும் தாராளமாக ஏறி இறங்கும். ஒரு மின்தேக்கியை மின்னேற்றி, பிறகு அதைத் தலைகீழாக மாற்றி வெளியீட்டு மின்தேக்கியில் கொட்டும் சார்ஜ் பம்ப் இதைச் சுருள் எதுவும் இல்லாமல் செய்து முடிக்கிறது.

பலரும் முதலில் கையில் எடுப்பது 7660 என்ற சார்ஜ் பம்ப் சிப். எட்டுக் கால், வெளியே இரண்டு 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கிகள், அவ்வளவுதான். தனக்கென அது எடுத்துக்கொள்ளும் மின்னோட்டமும் மிகக் குறைவு என்பதால், 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் சிறு கருவிகளுக்கு அதைவிடச் சிக்கனமானது அரிது. ஆனால் நம் வேலைக்கு அதில் இரண்டு தடைகள் உள்ளன. பழைய 7660 ஏற்பது 10 வோல்ட் வரைதான். 7660எஸ் 12 வரை தாங்கும் என்றாலும், மின்னேற்றத்தில் இருக்கும் கார் பேட்டரி 14 வோல்ட்டைத் தொடும், டிரான்ஸ்ஃபார்மர் வகை அடாப்டரோ சுமையில்லாதபோது அதையும் தாண்டும்.

இரண்டாவது தடை காதுக்கே கேட்கும். அதன் அலையியற்றி 10 கிலோஹெர்ட்ஸ். அது பாதியாகி, மின்தேக்கி உண்மையில் மாறுவது 5 கிலோஹெர்ட்ஸில். 10 மில்லிஆம்பியர் எடுத்தால் 10 மைக்ரோஃபாரட் வெளியீட்டில் சுமார் 100 மில்லிவோல்ட் சிற்றலை (மின்னழுத்தத்தின் சிறு ஏற்ற இறக்கம்) நிற்கும். அதிர்வெண் ஏற ஏற, மின் வழங்கலின் இரைச்சலைத் தடுக்கும் திறன் ஆப் ஆம்ப்பில் குறைந்துகொண்டே போகும். மனிதக் காதோ அந்தப் பகுதியில்தான் கூர்மையாக இருக்கிறது. பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் மெல்லிய கீச்சொலி கேட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதையே. வெளியீட்டுத் தடையும் 55 ஓம் அளவில் இருப்பதால், 8 மில்லிஆம்பியர் கேட்கும் என்இ5532 ஆப் ஆம்ப் ஒன்றே அரை வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாக விழுங்கிவிடும். குறைவான மின்னோட்டமே கேட்கும் டிஎல்072 ஆப் ஆம்ப் என்றால் இந்த இழப்பு பெரிதல்ல.

எல்டி1054 இந்த இரண்டு குறைகளையும் தீர்க்கிறது. 3.5 முதல் 15 வோல்ட் வரை ஏற்று, 100 மில்லிஆம்பியர் வரை தருகிறது. மாறுவது 25 கிலோஹெர்ட்ஸில், அதாவது கேட்கும் எல்லைக்கு அப்பால். கால் அமைப்பும் ஏறக்குறைய ஒன்றே என்பதால், ஆறாம், ஏழாம் கால்கள் எங்கும் இணைக்கப்படாத பழைய பலகையில் அப்படியே பொருந்தும். விலை கூடுதல்தான், ஆயினும் கோயில் கருவிக்கு இதைத்தான் பரிந்துரைப்பேன். ஓர் எச்சரிக்கை: மின் இணைப்புக் கொடுத்த கணத்தில், ஆப் ஆம்ப் வழியாகப் பாயும் மின்னோட்டம் எதிர் வெளியீட்டைப் பூஜ்ஜியத்துக்கு மேலே இழுக்கக்கூடும், அதை இந்தச் சிப் பொறுக்காது. வெளியீட்டிலிருந்து பூமிக்கு (பூஜ்ஜிய வோல்ட் இணைப்புக்கு) ஒரு ஷாட்கி டையோடைப் போட்டுவிடுங்கள், அதன் நேர்முனை வெளியீட்டுப் பக்கம் இருக்கட்டும்.

555 டைமர் சிப்பையும் இரண்டு 1என்4148 டையோடுகளையும் வைத்துக் கட்டுவது மூன்றாவது வழி. அதிர்வெண்ணை நாமே 40 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வைத்துக்கொள்ளலாம் என்பது இதன் பெரிய நன்மை. டையோடு இழப்பும் 555-இன் சொந்த இழப்பும் போக, 12 வோல்ட்டில் எதிர்ப்பக்கம் 9 வோல்ட் அளவே மிஞ்சும். சுமை கூடினால் இன்னும் சரியும். டிஎல்072 ஒன்றிரண்டுக்கு இது தாராளம். தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்குக் கற்பிக்க இதுவே சிறந்தது, ஏனெனில் மின்னேற்றம் கை மாறும் ஒவ்வொரு படியையும் ஆசிலாஸ்கோப்பில் கண்ணால் பார்க்க முடிகிறது.

செம்பனைக் குலையை எடை போடும் லோட் செல் (எடை உணரி) சுற்று வேறு வகை. ஒற்றை வழங்கல் ஆப் ஆம்ப்பின் வெளியீடு முழுப் பூஜ்ஜியத்தை எட்டாது என்பதே அங்கு சிக்கல். முழு எதிர் வழங்கல் அதற்குத் தேவையில்லை. எல்எம்7705 என்ற சிப் தரும் எதிர் 0.232 வோல்ட்டே போதும். 5 வோல்ட்டுடன் சேர்த்தாலும் 5.5 வோல்ட் உச்சவரம்பு கொண்ட ஆப் ஆம்ப்பின் எல்லைக்குள் அடங்கிவிடும்.